நாற்பது மைக்ரான்

கார் பாலீஷ் போடும் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது அப்பாவுக்கு வந்த சந்தோஷம், நான் டிப்ளமோ பாஸானபோதுகூட வரவில்லை. அவர் மரப் பாலீஷ்காரர். பூதப்பாண்டி முதல் தக்கலை வரை எத்தனையோ வீட்டுத் தேக்குக் கதவுகளிலும் கட்டில்களிலும் ஊஞ்சல் பலகைகளிலும் அவர் கை பட்டிருக்கிறது. "அப்பம் நம்ம தொழிலுக்குத்தாம்லே வந்திருக்க" என்றார். அடுக்களையில் இருந்த அம்மாவிடம், "கேட்டியா, இவன் பாலீஷ் வேலைக்குப் போறானாம்" என்று இன்னொரு முறை சொன்னார். நான் திருத்தவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கே அப்போது முழுசாகத் தெரியாது.

அப்பாவின் வேலையைச் சின்ன வயசிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டுவார். பஞ்சை உருட்டிப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, உள்ளங்கைக்கு அடங்கும் ஒரு பொட்டணமாக்குவார். அதை அரக்கில் தொட்டு மரத்தின் மேல் எட்டு போடுவதுபோல ஓட்டிக்கொண்டே இருப்பார். கை நிற்கவே கூடாது, நின்றால் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, மறுபடி பூச்சு. இப்படி எத்தனை பூச்சு என்று அவர் எண்ணியதில்லை. மரம் போதும் என்று சொல்லும் என்பார். தப்பு வந்தாலும் பெரிய கவலை இல்லை. ஸ்பிரிட் தொட்ட துணியை ஓட்டினால் பழைய அரக்கே இளகிப் புதுப் பூச்சோடு சேர்ந்துகொள்ளும். அவருக்கு ஒரே எதிரி ஈரக்காற்று. மழை நாளில் அடித்தால் அரக்கு வெள்ளை பூத்துவிடும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டையும் வாங்கும் ஊரில் பாலீஷ்காரனுக்குப் பாதி வருஷம் திண்ணைதான்.

நான் நாலாம் கிளாஸ் படிக்கும்போது அப்பா பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் ராஜாவின் மூலிகைக் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் தரையைப் பார்த்தபடியே வந்தார். கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கருப்புத் தரைக்குச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். அப்பா சட்டென்று குத்தவைத்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, ஜன்னல் வெளிச்சம் வரும் பக்கமாகப் பார்த்தார். காவலாளி ஓடிவந்தார். எனக்கு மானம் போனது. இப்போது நான் தினமும் செய்வது அதைத்தான். கையில் ஒரு எல்.இ.டி. லைட் இருக்கிறது, அது ஒன்றே வித்தியாசம். பரப்பை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்துப் பார்த்தால்தான் சங்கதி வெளியே வரும்.

கடையில் எனக்கு முதலில் கற்றுத்தந்தது பாலீஷ் அல்ல, கழுவுவது. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். வண்டியைத் துடைத்த உறையை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, மண்ணை அங்கே விட்டுவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். "கார்ல விழுற கீறல்ல முக்காவாசி, கார கழுவுறவன் போட்டதுதான்" என்பார் கடை அண்ணன். அது உண்மை. வெயிலில் நிற்கும் கருப்புக் காரில் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியுமே, அது வட்டமே அல்ல. எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல்கள் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் கண்ணுக்குத் திரும்புவதால் அது வட்டமாகிவிடுகிறது. வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள், அதே வட்டம். சாம்பலும் தேங்காய்ச் சவுரியும் போட்டுத் தேய்த்த நம் ஆச்சிமாரின் கைவேலை அது.

எங்கள் ஊரில் கீறுவதற்கு மண்ணுக்குப் பஞ்சம் கிடையாது. ஜூன் பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடித்துக்கொள்ளும், முப்பந்தலில் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன. மூன்று பக்கமும் கடல், காற்றில் உப்பு. முட்டத்துக்கோ மண்டைக்காட்டுக்கோ போய்வந்த வண்டியின் மேல் விரலை வைத்தால் நறநறக்கும். அந்த மணலுக்கு ஒரு கதை உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் கயிற்றின் வழி தேடி அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்றும் அங்கே மத்திய அரசின் ஆலை அந்தக் கடற்கரை மணலைப் பிரித்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்று எடுக்கிறது. இல்மனைட் கருப்பு. அதிலிருந்து எடுப்பதோ டைட்டானியம் டை ஆக்சைடு, உலகத்தில் வெள்ளை பெயிண்டை வெள்ளையாக்கும் பொடி. கார்னெட்டை உப்புத்தாளில் ஒட்டுவார்கள். ஆகக் கூடி, காரை வெள்ளையாக்கும் சரக்கும் காரைக் கீறும் சரக்கும் ஒரே கடற்கரையில் கலந்து கிடக்கின்றன. இதை முதலில் படித்த அன்று கடையில் எல்லாரிடமும் சொன்னேன். "செரி, அந்த இன்னோவாவ கழுவு" என்றார் அண்ணன்.

இனி அந்த நாற்பது மைக்ரான். காரின் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து அடித்து வரும் மொத்தப் பூச்சும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு வைத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70. கிளியர் கோட் 40, மிஞ்சினால் 50. கீறல் என்பது அதில் விழுந்த பள்ளம். பள்ளத்தை நிரப்ப வழி கிடையாது. அக்கம்பக்கத்து மேட்டைப் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்கினால் பள்ளம் இல்லாமல் போகும். நாங்கள் செய்கிற பாலீஷ் அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோ மூன்றோ மைக்ரான் போகும். போனது போனதுதான். எண்ணிப் பார்த்தால், ஒரு வண்டிக்கு வாழ்நாளில் சில தடவைதான் இப்படிச் செய்யலாம்.

இதை அப்பாவிடம் சொன்னபோது சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"தேச்சி எடுக்கதா? அதுக்குப் பேரு பாலீஷா?"

"ஆமாப்பா."

"எடுத்துக்கிட்டே இருந்தா தீந்துராதா மக்கா?"

தீர்ந்துவிடும் என்றேன். அதற்கப்புறம் அவர் வேலையைப் பற்றி ரொம்ப நாள் கேட்கவில்லை.

எடுத்த பிறகு காப்பாற்றுவதற்கு இரண்டு வழி. ஒன்று செராமிக் கோட்டிங். சிலிக்கா சார்ந்த திரவம், தடவினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருளுவதுபோல உருளும். 9எச் என்று பாட்டிலில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பம் கல்லு அடிச்சாலும் ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. 9எச் என்பது பென்சிலின் கணக்கு. 9எச் பென்சிலால் கீறினால் விழாது என்று அர்த்தமே தவிர, லாரி டயர் தெறிக்கும் ஜல்லிக்கு அது எழுதவில்லை. இன்னொன்று பி.பி.எஃப். அது யூரித்தேன் படலம், சுமார் 200 மைக்ரான், அதாவது மொத்தப் பெயிண்டைவிடத் தடிமன். கல்லடியை வாங்கிக்கொள்வது இதுதான். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க அமெரிக்க ராணுவம் ஒட்டத் தொடங்கிய படலத்தின் வாரிசு இது. விலையைக் கேட்டால் பாதிப் பேர் செராமிக்குக்கே திரும்பிவிடுவார்கள்.

போன வருஷம் ஒரு ஃபோர்டு மஸ்டாங் வந்தது. கருப்பு. 2016-க்குப் பிறகு இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்ற மாடல், ஐந்து லிட்டர் வி8. எங்கள் கடைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வருவது அபூர்வம். ஸ்டார்ட் செய்த சத்தத்தில் பக்கத்துச் சாயாக்கடையே எழுந்து வந்தது. வண்டிக்காரர் விளவங்கோடு பக்கம், இருபது வருஷத்துக்கு மேல் மஸ்கட்டில் இருந்தவர். கொச்சியில் இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். வாங்கும்போதே மீட்டர் வைத்துப் பார்த்து, எல்லாப் பாகமும் கம்பெனி பெயிண்ட்தான் என்று உறுதிசெய்துகொண்டவர். அதில் அவருக்கு வண்டியைவிடப் பெருமை. "ஒரு இடத்திலயும் ரீபெயிண்ட் இல்ல தம்பி, அதாக்கும் காரியம்" என்றார்.

நானும் மீட்டர் வைத்தேன். பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம், மற்றது இரும்பு. கூரையில் 118. கதவுகளில் 112, 115, 120. வலது பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே அந்த வண்டிக்கு அழகு சேர்க்கும் இடுப்புக்கோட்டில் மட்டும் 84. அந்த இடத்தில் நமக்கு முன்னால் யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். எழுதி வைத்தேன். அண்ணனிடமும் காட்டினேன். அங்கே டேப் ஒட்டிவிடு, மெஷின் போகக்கூடாது என்றார். ஒட்டினேன்.

மூன்று நாள் வேலை. இரும்புத் தூளைக் கரைக்கும் திரவத்தை அடித்தால் ஊதா நிறத்தில் ஒழுகும், நாற்றம் குடலைப் புரட்டும். பிறகு களிமண் கட்டி. பிறகு ஆடிச் சுழலும் மெஷினில் ஒவ்வொரு பாகமாக. மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் வண்டி முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. இடுப்புக்கோட்டில், டேப்புக்கு அடியிலிருந்து புறப்பட்டு வெளியே வந்த ஒரே ஒரு கீறல் மட்டும் பாக்கி. இரண்டு இஞ்ச் நீளம். அதை நான் விட்டிருக்கலாம். அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். வண்டிக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்துப் பார்த்தேன், எடுக்கப்போகும் வீடியோவையும் நினைத்தேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. டேப்பை உரித்தேன். சின்ன வெள்ளைப் பேடை நேர்ச்சுற்று மெஷினில் மாட்டினேன். நேர்ச்சுற்று சூடாக்கும், விளிம்பில் அழுத்தம் முழுக்க ஒரே கோட்டில் இறங்கும், விளிம்பில் பெயிண்டே மெலிந்துதான் இருக்கும். எல்லாம் தெரியும். புதிதாக வருகிற பையன்களுக்கு இதை நான்தான் பாடம் எடுப்பேன்.

நாலு சுற்று. ஐந்தாவதில் நிறுத்தினேன். பேடைத் திருப்பினால் வெள்ளை நுரையில் கருப்பு.

கிளியர் கோட்டைத் தேய்த்தால் பேடில் நிறம் வராது. நிறம் வந்தால் கிளியர் போய்விட்டது என்று பொருள். கீறலும் போயிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

கட்டைவிரல் நகம் அளவு இடம். பாலீஷின் எண்ணெய் இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்ததும் அந்த நகம் மட்டும் கரும்பலகைபோல மங்கி நின்றது. மறுபடி எண்ணெய் தடவினேன், மறைந்தது. துடைத்தேன், வந்தது. இப்படி எத்தனை முறை செய்தேன் என்று தெரியாது. கோட்டிங் ஏறினால் இன்னும் நன்றாக மறையும். வெயில் தின்று அந்த இடம் வெளுக்க ரொம்ப நாளாகும். அதற்குள் எத்தனை மழை, எத்தனை காக்காய் எச்சம், எத்தனை கழுவல். யார் தலையிலும் கட்டலாம். ஏற்கெனவே 84 தானே இருந்தது, எழுதியும் வைத்திருக்கிறோமே என்று ஒரு நியாயமும் கைவசம் இருந்தது. அந்த நியாயம்தான் என்னை ரொம்பப் படுத்தியது. எழுதி வைத்தவனும் நான், தேய்த்தவனும் நான்.

ராத்திரி சாப்பிடவில்லை. அப்பா திண்ணைக்கு வந்தார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எவ்வளவு இடம்?" என்று கேட்டார். நகத்தைக் காட்டினேன். தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார். அப்புறம், ஒரு மழைக்காலத்தில் ஒரு வீட்டு ஊஞ்சல் பலகை வெள்ளை பூத்ததையும், கல்யாணத்துக்கு முந்தின நாள் என்பதால் மேலே எண்ணெய் தடவி மறைத்துக் கொடுத்துவிட்டு வந்ததையும் சொன்னார். "எத்தன வருஷம் ஆச்சிப்பா?" என்றேன். "நீ பொறக்கல. அந்தத் தெருவு வழி இப்பமும் நான் போறதில்ல" என்றவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

காலையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் கத்தினார், அது நியாயம். கத்தி முடித்து, "அவருட்ட நீயே சொல்லு" என்றார். வண்டிக்காரர் வந்து குனிந்து பார்த்தார். தெரியவில்லை. லைட்டைச் சாய்த்தேன், அப்போதும் தெரியவில்லை. கடைசியில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன். விரல் அங்கேயே நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் கம்ப்ரெசர் ஒரு தடவை நிரம்பி நின்றது.

பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்றார் அண்ணன். ஆனால் அந்தப் பாகம் கூரைத் தூணோடு ஒரே தகடாக ஓடுகிறது. நிறம் பொருந்த வேண்டுமென்றால் மேலே கூரை வரைக்கும் இழுக்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் என்ற பெருமை அதோடு போகும். "பெயிண்ட் அடிக்கண்டாம்" என்றார் அவர். "வேற வழி உண்டுமா?"

டச்சப் கிளியரை மெல்லிய பிரஷ்ஷால் பூச்சுப் பூச்சாக ஏற்றலாம் என்றேன். என்னால் முடியுமா என்று கேட்டார். என் கை அதற்குப் பழகியதில்லை என்று சொல்லிவிட்டு, யோசிக்காமல் அடுத்த வாக்கியத்தையும் சொன்னேன். "எங்க அப்பா செய்வாவ."

அப்பா வேலையை விட்டு ஐந்தாறு வருஷமாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அணில்முடி பிரஷ்ஷைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கிளியர் பாட்டிலை முகர்ந்தார்.

"காஞ்ச பொறவு ஸ்பிரிட்டுல இளகுமா?"

"பெருசா இளகாதுப்பா."

"அப்பம் கட்டியாப் போடப்பிடாது."

லைட்டை அணைக்கச் சொன்னார். ஷட்டரைப் பாதி இறக்கவைத்து, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, கன்னத்தை வண்டியோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பிரஷ் பாட்டிலிலிருந்து வண்டிக்கு வரும் தூரம் முழுக்கக் கை நடுங்கியது. தொட்டதும் நின்றுவிட்டது. அன்றைக்கு ஒரு பூச்சு, மறுநாள் ஒரு பூச்சு. எட்டு நாள் வந்தார். இரண்டு நாள் வண்டிக்காரரும் வந்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் காயவிட்டு நான் மூவாயிரம் நம்பர் தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அழிரப்பரில் சுற்றித் தேய்த்தேன். "முழுசா எடுத்துராத, கொஞ்சம் மேடு நிக்கட்டும்" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வேலை முடிந்தபோது என்ன கூலி என்று வண்டிக்காரர் கேட்டார். "எல்லாஞ் சேந்து ஒரு நாள் வேலைதான். நானூறு" என்றார் அப்பா. அது அவர் கடைசியாக வேலைக்குப் போன வருஷத்துக் கூலி. ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தார். அப்பா மடியிலிருந்து நூறை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். என் சம்பளத்தில் அண்ணன் மூன்று மாதம் பிடித்தார், அது வேறு கணக்கு.

வண்டிக்காரர் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். இறங்கியதும் கட்டைவிரலால் அந்தக் கோட்டை ஒரு தடவு தடவுவார். தெரிந்தவர் விரலுக்குத்தான் அது தட்டுப்படும். போன ஜூனில் காற்று பிடித்திருந்த சமயம், கன்னியாகுமரி போய்விட்டு நேராக வந்தார், வண்டி முழுக்க மணல். தொடாமல் வெகுநேரம் தண்ணீரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்ததும் ஏதோ தோன்றி, அந்த இடத்தில் மீட்டரை வைத்தேன். 131. வண்டியிலேயே அதுதான் அதிகம்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கூடிப்போச்சோ?" என்றார்.